சூடாமணி மாமியின் ஒரே பாஸ்வேர்டு

அத்தியாயம் 6

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தம்பானூர் குடை ரிப்பேர் கடையின் மாடிக்கு ஏறி வந்த சூடாமணி மாமி, நாற்காலியில் உட்காரும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். தாளை நீட்டிக்கொண்டே, உங்கள் இரண்டு பேருக்கும் என்ன நட்சத்திரம் என்று கேட்டாள்.

அந்த இரண்டு பேரில் ஒருத்தி ஓமனா. இருபத்தெட்டு வருடம் தொலைபேசி அலுவலகத்தில் புகார் மேசையில் உட்கார்ந்து, பொய் சொல்லும்போது மனிதக் குரல் எந்த இடத்தில் வழுக்கும் என்று படித்து வைத்திருப்பவள். ஓய்வு பெற்ற மறுநாளே 'ஓமனா துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டிவிட்டாள். இன்னொருத்தி அவளுடைய உதவியாளர் சிஜி. மொபைல் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவள். வாய் அதிகம் என்று அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். அந்த வாய்க்காகவே இங்கே சேர்த்துக்கொண்டார்கள். இருவரும் பாறசாலைப் பக்கத்துச் சர்ச் குடும்பத்தவர்கள்.

"எங்களுக்கு நட்சத்திரம் கிறிஸ்மஸுக்கு மட்டும்தான் மாமி. அதையும் ஜனவரியில கழட்டி அட்டைப்பெட்டியில வச்சிருவோம்" என்றாள் சிஜி.

மாமி விடவில்லை. அழுகையைச் சற்றே நிறுத்தி வைத்துவிட்டு, இருவருடைய பிறந்த தேதியையும் நேரத்தையும் கேட்டு, கைபேசியில் பஞ்சாங்கம் பார்த்தாள். ஓமனாவுக்குச் சதயம், சிஜிக்கு விசாகம் என்று தீர்ப்புச் சொன்னாள். பிறகு அழுகையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

விஷயம் இதுதான். மாமியின் ஒரே பிள்ளை சுமந்துக்கும், கரமனை ஸ்ரீனிவாசனின் மகள் அனுஷாவுக்கும் ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு நிச்சயதார்த்தம். நேற்று சாயங்காலம் ஆறு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு, மாமியின் மெயிலிலிருந்து கல்யாணத் தரகர் நீலகண்டனுக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. நீலகண்டன் எதையும் முழுக்கப் படிக்கிற வழக்கம் இல்லாதவர். அப்படியே பெண்ணின் அப்பாவுக்குத் தள்ளிவிட்டார். ஸ்ரீனிவாசன் போன் செய்து, இன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்து ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். சுமந்த் நேற்று முதல் சாப்பிடவில்லை. முப்பத்தோரு வயதுப் பிள்ளை, ஊறுகாய் ஜாடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

சிஜி தாளை வாங்கி உரக்க வாசித்தாள்.

'நீலகண்டன் அவர்களுக்கு, இந்த ஜாதகம் எங்களுக்குச் சரிப்படவில்லை. பெண் வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடவும். இருபது பேருக்கு மேல் ஆட்களைக் கூட்டி விசேஷம் நடத்துவது இயலாது. நீங்கள் யாரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் வாசலிலேயே சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு உள்ளே வரச் சொல்லவும். சூடாமணி.'

"கல்யாணத்தையும் கலைச்சு, கையும் கழுவச் சொல்றான். சுத்தமான கள்ளன்" என்றாள் சிஜி.

ஓமனா சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் மாமி எங்கே இருந்தாள் என்று கேட்டாள். தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் தீபாராதனையில் என்றாள் மாமி. கைபேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது. சுமந்த் ஆபீசில். வீட்டில் இருந்தது நிச்சயதார்த்தப் பலகாரம் செய்ய வந்த பூமாரி ஒருத்திதான். அவளும் அடுப்பை விட்டு நகரவில்லை.

"மெயில் பாஸ்வேர்டு வேற யாருக்காவது அறியுமா?"

"யாருக்கும் தெரியாது. சுமந்துக்கே சொன்னதில்லையாக்கும்."

அது என்ன பாஸ்வேர்டு என்று ஓமனா கேட்டதும் மாமி வாசலைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டாள். நாற்பது வருடம் பஜனையில் பாடிய குரலுக்கு ரகசியம் பேசத் தெரியாது. "சுமந்த், பூரம், இருபத்தேழு" என்று அவள் ரகசியமாகச் சொன்னபோது, கீழே குடைக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்த சத்தம் ஒரு நிமிஷம் நின்று, பிறகு மறுபடி கேட்டது.

"குடைக்காரர் எழுதி எடுத்துட்டாரு" என்றாள் சிஜி.

பத்து மணிக்கு மூவரும் கோட்டை என்னும் பழைய பகுதியில் மாமியின் வீட்டில் இருந்தார்கள். ஒட்டி ஒட்டி நிற்கும் அக்கிரகார வீடுகளில் இருபத்தேழாம் எண் வீடு. எண்ணைக் கதவில் வெள்ளைப் பெயிண்டில், தெருமுனையிலிருந்தே தெரியும்படி எழுதியிருந்தார்கள்.

"பாஸ்வேர்டுல பாதி வாசக்கதவுலயே இருக்கு சேச்சி" என்று சிஜி குறித்துக்கொண்டாள்.

சுமந்த் வந்து கதவைத் திறந்தான். உள்ளே நெய் மணத்தது. சமையலறையில் பூமாரி முந்திரிக்கொத்தை எண்ணெயில் போட்டுக்கொண்டே, பக்கத்தில் ஏதோ பாட்டு ஓட, தானும் கூடப் பாடிக்கொண்டிருந்தாள். ஓமனா கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து, வீட்டில் பாஸ்வேர்டு கேட்கிற பொருள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னாள்.

கைபேசி வந்தது. சுமந்தின் லேப்டாப் வந்தது. டி.வி.யைத் தூக்க முடியாததால் எல்லோரும் டி.வி.யிடம் போனார்கள். கேஸ் பதிவு, கரண்ட் பில், ரயில் டிக்கெட், வரன் பார்க்கும் தளம், வைஃபை என்று சிஜி ஒவ்வொன்றாகத் தட்டினாள். சுமந்த், பூரம், இருபத்தேழு. எல்லாக் கதவும் திறந்தது. எட்டாவது திறந்தபோது சிஜிக்கு அலுப்பே வந்துவிட்டது.

"மாமி, ஒரு சாவிய செஞ்சு வீடு, அலமாரி, கோயில் உண்டியல் எல்லாத்துக்கும் போட்டிருக்கீங்க."

"பின்னே எனக்கு இத்தனை எங்கடி ஓர்மை நிக்கும்? பெத்த பிள்ளை பேரும் நட்சத்திரமும் மறக்குமோ? அதான் வெச்சேன். இருபத்தேழு வேண்டாம்னுதான் பார்த்தேன். நம்பர் இல்லாம அது சம்மதிக்க மாட்டேன்னுது."

சுமந்த் முதல் முறையாக வாயைத் திறந்தான். அந்தப் பாஸ்வேர்டு தனக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே தெரியும் என்றும், அதை வைத்துத்தான் பரீட்சைக் காலத்தில் டி.வி. பார்த்ததாகவும் சொன்னான். மாமி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்த நேரத்துக்கு அவன் மறுபடி ஊறுகாய் ஜாடியிடம் போய்விட்டான்.

வெளியே கசிந்த பாஸ்வேர்டுகளைச் சோதிக்கும் தளம் ஒன்றில் சிஜி மாமியின் மெயில் முகவரியைப் போட்டுப் பார்த்தாள். மூன்று இடத்திலிருந்து கசிந்திருந்தது. ஒரு வளையல் கடை, ஒரு போட்டோ பிரேம் கடை, ஒரு ஜோசியத் தளம். "ஜோசியத் தளத்துக்கே தன் வீட்ல கள்ளன் ஏறப்போறது தெரியல" என்றாள் சிஜி.

அப்போதுதான் தெருக்கோடியிலிருந்து அந்தக் குரல் வந்தது. பிள்ளையார் கோயிலில் உச்சபூஜை முடிந்து, போற்றி, அதாவது பூசாரி, பிரசாதம் கொடுக்கிற நேரம். இந்த ஊர்க் கோயில்களில் வழிபாட்டுக்கு ரசீது எழுதும்போது பேரும் நட்சத்திரமும் கேட்பார்கள். பிரசாதத்தை இலையில் வைத்து எடுத்து வந்து, ரசீதில் உள்ள பேரையும் நட்சத்திரத்தையும் உரக்கக் கூப்பிடுவார்கள். உரியவர் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். இந்தப் போற்றிக்குத் தொண்டை கொஞ்சம் பெரிது.

"சுமந்த்... பூரம்..."

தெரு முழுக்கக் கேட்டது. காலையில் கொடுத்த வழிபாட்டுப் பிரசாதம் என்று மாமி எழுந்தாள். ஓமனா ஊஞ்சலை நிறுத்தினாள்.

"மாமி, இது மாசா மாசம் உண்டா?"

"மாசப் பிறந்தநாளுக்கு உண்டு. பின்னே வெள்ளிக்கிழமை தோறும் ஒரு புஷ்பாஞ்சலி. அவனுக்கு ஒரு வயசு ஆனதுலேந்து முடக்கினதில்லை."

"முப்பது வருஷமா வாரம் ஒரு தடவை, ஒலிபெருக்கி வேண்டாத குரல்ல, கடவுள் சன்னிதியில பாஸ்வேர்டு வாசிச்சிட்டிருக்காங்க சேச்சி" என்றாள் சிஜி. அவள் முகத்தில் ஒரு பக்தியே வந்துவிட்டது.

சோதித்துப் பார்க்க ஓமனா வெளியே இறங்கினாள். கோயில் முன்னால் பூக்கடை வைத்திருந்த லிங்கராஜிடம், இருபத்தேழாம் நம்பர் வீட்டுப் பையனுக்கு என்ன நட்சத்திரம் என்று கேட்டாள். துளசி கட்டுகிற விரலை நிறுத்தாமல் பூரம் என்றார் லிங்கராஜ். எதிரே நின்ற ஆட்டோவில் தலையை மட்டும் வெளியே நீட்டிய டிரைவர் ஷிஜு, பூரம் எத்தனையாம் பாதம் என்றும் சொல்லித் தருவதாகச் சொன்னான். மூன்றாவதாக யாரிடமும் கேட்க ஓமனாவுக்கு மனம் வரவில்லை.

சாதாரண வழக்கில் சந்தேகப்பட ஆள் கிடைக்காமல் துப்பறிகிறவர்கள் திண்டாடுவார்கள். இங்கே கோட்டை முழுவதும் சந்தேகப் பட்டியலில் நின்றது. மணி பதினொன்றேகால்.

ஓமனா திரும்பி வந்து, எத்தனை பேருக்குச் சாவி தெரியும் என்பதை விட்டுவிடுவோம், நேற்று எந்தக் கை கதவைத் திறந்தது என்று மட்டும் பார்ப்போம் என்றாள். மாமியின் மெயில் எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்ற பட்டியலைச் சிஜி எடுத்தாள். கைபேசி. டி.வி. லேப்டாப். நாலாவதாக ஒரு டேப். கடைசியாக விழித்த நேரம் நேற்று மாலை ஆறு பன்னிரண்டு. இடம், இதே ஊர்.

எங்கள் வீட்டில் டேப்பே கிடையாதே என்றாள் மாமி. ஒன்று இருந்தது என்றான் சுமந்த். அதை ஒருவருக்குக் கொடுத்தோமே என்று சொல்ல வந்தவன், பாதியில் நிறுத்திச் சமையலறைப் பக்கம் பார்த்தான். எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பூமாரி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கையில் ஓரம் உடைந்த ஒரு டேப். பல வருடம் இந்த வீட்டில் மாமிக்குத் துணையாகச் சமையல் செய்தவள். புருஷனுக்குப் பொன்முடி எஸ்டேட்டில் வேலை கிடைத்ததும் அங்கே தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் போய்விட்டாள். சுமந்துக்கு நிச்சயம் என்றதும் நேற்று முற்பகலில் பஸ்ஸில் வந்து இறங்கியவள், இன்னும் உட்காரவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பன்னிரண்டு மணி என்று சொன்ன ஸ்ரீனிவாசன் பதினொன்றரைக்கே வந்துவிட்டார். கையில் மஞ்சள் தடவிய ஜாதக உறை. கோபமாக இருக்கிறவர்களுக்கு நேரம் வேகமாக ஓடும்.

டேப் விவகாரத்தைக் கேட்டதும் அவர் உறையை ஊஞ்சலில் வைத்தார். அப்படியானால் வேலைக்காரியை வைத்து எழுதச் சொல்லிவிட்டு இப்போது நாடகம் போடுகிறீர்கள் என்றார். ஜாதகம் பிடிக்கவில்லை என்றால் அது ஒரு விஷயம், தான் இருநூறு பேரை அழைத்திருப்பது தெரிந்தே இருபது பேர் என்று குத்திக்காட்டுவது இன்னொரு விஷயம் என்றார். பிறகு குரல் இறங்கிற்று. இரவெல்லாம் அவரை உறுத்திய இடம் அதுதான் போலிருக்கிறது.

"வாசல்லயே சோப்புப் போட்டு அலம்பிண்டு வரணுமா? எங்களைப் பார்த்தா என்னவா தோணறது உங்களுக்கு?"

மாமி பதில் சொல்வதற்குள் பூமாரி முந்திக்கொண்டாள்.

"எனக்கு இதுல பாட்டு மட்டும்தான்மா தெரியும். மெயிலு எந்தப் படத்த அமுக்குனா வரும்னுகூடத் தெரியாது. தம்பி கல்யாணத்த நான் கெடுப்பேனா?"

அவள் டேப்பை ஓமனாவின் மடியில் வைத்துவிட்டு விலகி நின்றாள். எண்ணெய்ச் சட்டியில் முந்திரிக்கொத்து கருகுகிற வாசனை வந்தது. அதைப் போய்ப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. அவள் கையில் ஒன்று கருகியதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. ஓமனா அதைக் கவனித்தாள். புகார் மேசையில் கேட்ட ஆயிரம் குரல்களில் இந்தக் குரல் எந்த இடத்திலும் வழுக்கவில்லை என்பதையும் கவனித்தாள்.

சிஜி போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ஓமனா டேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு, நீலகண்டனுக்குப் போன தாளை ஸ்ரீனிவாசனிடம் கொடுத்து, கோபப்படாமல் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அவர் கோபத்தோடேயே வாசித்தார்.

"சாரே, ஒரு கேள்வி. நாம எல்லாரும் வாசல்ல வாளியும் சோப்பும் வச்சுக் கை கழுவிட்டு வீட்டுக்குள்ள போனது எப்ப? கல்யாணத்துக்கு இருபது பேருக்கு மேல கூடப்பிடாதுன்னு இருந்தது எப்ப?"

ஸ்ரீனிவாசன் தாளை மறுபடி பார்த்தார். கொரோனா, என்றார் மெதுவாக.

"இது நேத்து எழுதின மெயில் இல்ல. நேத்து போன மெயில்" என்றாள் ஓமனா.

சூடாமணி மாமி நெற்றியில் அறைந்துகொண்டாள். இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. ஊரடங்கு நடுவில் சுமந்துக்கு வேறொரு வரன், வேறொரு பெண். சரிப்படவில்லை. அந்த டேப்பில்தான் எழுதி, அனுப்புகிற பொத்தானை அமுக்கினாள். இடி மின்னல், நெட் போய்விட்டது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பொறுக்க முடியாமல் நீலகண்டனுக்குப் போன் செய்து வாயாலேயே சொல்லி முடித்துவிட்டாள். நெட் வர மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் பூமாரியின் மகனுக்கு ஆன்லைன் வகுப்புக்கு ஆகட்டுமே என்று டேப்பைக் கொடுத்து, எஸ்டேட் காய்கறி வண்டியில் அனுப்பியும் விட்டாள்.

லயத்தில் ஒரு புள்ளி ரேஞ்ச்கூட இல்லை. வகுப்பு நடக்கவில்லை. டேப் பாட்டுப் பெட்டி ஆயிற்று. இத்தனை வருடமும் அந்த வட்டம் உள்ளே சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. நேற்று பூமாரி முதல் முறையாக அதைப் பையில் வைத்துக் கொண்டுவந்தாள். வந்ததும் சார்ஜ் இல்லை; பலகாரத்துக்கு மாவு பிசைந்து முடித்துச் சாயங்காலம் சமையலறையில் செருகிப் போட்டாள். டேப் கண்ணைத் திறந்தது. பழைய வைஃபை, பழைய பாஸ்வேர்டு. பழைய மெயில், பழைய பாஸ்வேர்டு. பழைய கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே நீலகண்டனிடம் போய்விட்டது.

சிஜி டேப்பில் அந்தக் கடிதத்தைத் திறந்து, எழுதிய தேதியைக் காட்டினாள். 2021 மே. ஸ்ரீனிவாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"மாமி நடுவுல ஒரே ஒரு தடவை பாஸ்வேர்டு மாத்தியிருந்தா, இது கதவைத் தட்டிட்டு வெளியிலயே நின்னிருக்கும். கள்ளனே வரல. வாசல் பூட்டு மாறாததால பழைய கடிதாசு வீட்டுக்குள்ள வந்துட்டு" என்றாள் ஓமனா.

நம்பினாலும் உடனே இறங்கிவர ஸ்ரீனிவாசனுக்கு வழி தெரியவில்லை. அதனால் கொஞ்சம் உபதேசம் செய்தார். பிள்ளை பேரையும் நட்சத்திரத்தையும் யாராவது பாஸ்வேர்டாக வைப்பார்களா, படித்தவர்கள் செய்கிற காரியமா என்றெல்லாம் கேட்டார். சிஜி கன்னத்தில் கைவைத்து, ஜாதக உறையின் மேல் எழுதியிருந்த பேரையும் நட்சத்திரத்தையும் பார்த்துக்கொண்டே, அக்கறையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, உங்களது என்ன? அனுஷா, ரேவதி, அப்புறம் உங்க வீட்டு நம்பரா?"

ஸ்ரீனிவாசன் ஊஞ்சலில் உட்கார்ந்தார். ஜாதக உறையின் மேலேயே உட்கார்ந்தார். வீட்டு நம்பர் இல்லை, வண்டி நம்பர் என்றார்.

அதற்குப் பிறகு கோபப்படுவது யாருக்கும் சாத்தியமாக இல்லை. அவர் எழுந்து, பூமாரி நின்ற இடத்துக்குப் போய், ஒரு வார்த்தை தவறிவிட்டது என்றார். பூமாரி கருகாத முந்திரிக்கொத்தாகப் பார்த்து நாலு எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். அவர் சாப்பிடுவதற்கு முன் சமையலறைக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டார். சுமந்தும் ஊறுகாய் ஜாடியை விட்டு எழுந்து வந்து, ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான்.

கிளம்பும் முன் ஓமனா மாமியை உட்காரவைத்துப் படித்துப் படித்துச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு. ஒன்றுக்கு வைத்தது இன்னொன்றுக்கு ஆகாது. பிள்ளை பேர் கூடாது, வாசல் எண் கூடாது, காலண்டரின் பின்னால் எழுதக் கூடாது. மாமி நல்ல மாணவியாக ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு இருபத்தேழாம் எண் வீட்டில் இருநூறு பேரும் இருந்தார்கள். ஓமனாவும் சிஜியும் பட்டுக் கட்டி வந்து முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டார்கள். தட்டு மாற்றி முடிந்தது. அனுஷா சுமந்தைப் பார்த்தாள். சுமந்த் வாளி பாயசத்தைப் பார்ப்பதுபோல் அனுஷாவைப் பார்த்தான். பூமாரி முதல் முறையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது கோயிலிலிருந்து போற்றியே நேரில் வந்தார். மாமி விசேஷமாகக் கொடுத்திருந்த வழிபாட்டுப் பிரசாதம், இலைப் பொட்டலம் நான்கு. ஒவ்வொன்றாக எடுத்து, தன் வழக்கமான குரலில், கூடத்தின் நடுவில் நின்று கூப்பிட்டார்.

"அனுஷா... ரேவதி..."

பெண் வீட்டார் மனம் நிறைந்து போனார்கள்.

"பூமாரி... ரோகிணி..."

பூமாரி திடுக்கிட்டு எழுந்தாள். அவள் நட்சத்திரத்தை இதுவரை யாரும் அத்தனை பேர் நடுவில் சொன்னதில்லை.

"ஓமனா... சதயம்..."

ஓமனாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த மாமியைத் திரும்பிப் பார்த்தாள். மாமி பெருமையோடு அவள் காதில் ரகசியம் சொன்னாள். அந்த ரகசியம் நாலு வரிசைக்குக் கேட்டது.

"நீ சொன்னபடி எல்லாத்துக்கும் வேற வேற போட்டுட்டேன். மெயிலுக்கு அனுஷா, வைஃபைக்குப் பூமாரி, கேஸுக்கு நீ. பிள்ளை பேரே இல்லை, வாசல் நம்பரும் இல்லை, ஒண்ணு ரெண்டு மூணுன்னுதான் போட்டேன். எங்கயும் எழுதியும் வைக்கலை. மறந்துபோச்சுன்னா போத்திகிட்ட கேட்டுக்கலாம்னுதான் வழிபாடு கொடுத்தேன். அவர் ரசீதுல இருக்குமே."

ஓமனா சிஜியைத் தேடினாள். இதற்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானால் அது சிஜியால்தான் முடியும்.

"சிஜி... விசாகம்..." என்று கூப்பிட்டார் போற்றி.

சிஜி எழுந்து நின்றாள். இருநூறு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வாய் திறந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு கையையும் நீட்டி அந்த இலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, மெதுவாக வந்து ஓமனாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அதைப் பிரிக்கவில்லை.

"இது எதுக்குப் போட்ட பாஸ்வேர்டு மாமி?" என்று கடைசியில் கேட்டாள்.

"டி.வி.க்கு. எப்பவும் ஏதாவது பேசிண்டே இருக்குமோன்னோ, உன் ஞாபகம் வந்தது" என்றாள் மாமி.

ஓமனா பெருமூச்சு விட்டு, எல்லாவற்றையும் மறுபடி மாற்ற வேண்டும் என்றாள்.

"நாளைக்கு மாத்தலாம் சேச்சி. இன்னைக்கு ஒரு நாளு இருக்கட்டும்" என்றாள் சிஜி.